தம்பானூரின் கண்ணாடி அலமாரிகள்

நாகர்கோவிலில் புறப்படும் ரயில் இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் எனத் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர்களைக் கடந்து வந்து சேரும் நிலையத்துக்குப் பயணச்சீட்டில் திருவனந்தபுரம் சென்ட்ரல் என்று பெயர் இருந்தாலும், ஊர்க்காரர்களுக்கும் குமரி மாவட்டத்தாருக்கும் அது தம்பானூர்தான். கொல்லத்திலிருந்து 1918இல் இந்நகரை எட்டிய ரயில் பாதை 1931இல் தம்பானூர்வரை நீட்டிக்கப்பட்டது; தெற்கே நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் வண்டி ஓடத் தொடங்கியது 1979இல்தான். நிலையத்துக்கு எதிர்ப்புறம் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையம் அமைந்திருப்பதால், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாலையில் விடியற்காலை தொடங்கி நள்ளிரவு வரை ஆள்நடமாட்டம் ஓய்வதில்லை; அந்தக் கூட்டத்தின் பசியை நம்பியே சாயாக்கடைகளும் பேக்கரிகளும் பழச்சாறுக் கடைகளும் பொரித்த கோழி விற்கும் கடைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. குழந்தைகளின் உடற்பருமனைக் குறைக்கும் முயற்சியில் உள்ளூர் வணிகர்களுக்கு என்ன பங்கு இருக்க முடியும் என்ற கேள்வியோடு வருபவருக்கு இதைவிடப் பொருத்தமான தெரு வாய்ப்பது அரிது.

கேரளத்தில் தேநீருக்குச் சாயா என்று பெயர். அதோடு தின்னும் பண்டம் கடி. பள்ளி விட்டு வரும் பொழுதுக்கென்றே வைத்த பெயர் நாலுமணிப் பலகாரம். சாயாக்கடையின் முகப்பில், உள்ளே சிறு விளக்கு எரியும் கண்ணாடி அலமாரி ஒன்று கட்டாயம் இருக்கும். மேல்தட்டில் பருப்பு வடையும் உழுந்து வடையும், நடுத்தட்டில் பாசிப்பயறும் வெல்லமும் உருட்டி மாவில் தோய்த்துப் பொரித்த சுகியனும், கீழ்த்தட்டில் பழம்பொரியும் அடுக்கப்பட்டிருக்கும். பழம்பொரி என்பது ஏத்தன்பழத்தை, அதாவது தமிழகத்தின் பல பகுதிகளில் நேந்திரம் எனப்படும் பழத்தை, நீளவாக்கில் சீவி, சர்க்கரை கலந்த மைதா மாவில் முக்கி எண்ணெயில் பொரித்தெடுப்பது. கல்லாவின் முன் நிற்கும் ஏழு வயதுக் குழந்தையின் கண்மட்டத்துக்கு நேராக இருப்பது இந்தக் கீழ்த்தட்டுதான். பொரிக்காத அதே பழம் குலையோடு கயிற்றில் கட்டப்பட்டு, பெரியவர்களும் கையை உயர்த்தினால்தான் எட்டும் உயரத்தில் தொங்குகிறது. அதன் பக்கத்தில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பொட்டலங்களோ குழந்தையின் தோள்வரை இறங்கி வருகின்றன. இதில் கடைக்காரரின் சூழ்ச்சி எதுவும் இல்லை. குலை கனமானது, பொட்டலம் இலேசானது, அவ்வளவே. ஆயினும் எது கண்ணில் படுகிறது, எது கைக்கு எட்டுகிறது என்பதே பெரும்பாலும் எது வாங்கப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

உடற்பருமன் என்பதை மருத்துவர்கள் உடல் நிறைக் குறியெண் கொண்டு கணிக்கிறார்கள். கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. வளர்ந்தவர்களுக்கு ஒரே அளவுகோல் போதும், வளரும் பிள்ளைகளுக்கோ அந்தந்த வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய சராசரியோடு ஒப்பிட்டே மிகை எடை, பருமன் என்று பிரிக்க முடியும். கேரளத்தில் இந்த மாற்றம் தொடக்கத்திலேயே கண்ணுக்குத் தெரிந்த இடங்களுள் எர்ணாகுளம் ஒன்று. அம்மாவட்டப் பள்ளிகளில் 2003இல் ஏறத்தாழ 25,000 பிள்ளைகளையும் 2005இல் 20,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் அளந்த ஆய்வு, மிகை எடையுள்ளோரின் பங்கு 4.94 விழுக்காட்டிலிருந்து 6.57 விழுக்காடாக உயர்ந்ததைக் கண்டது. அந்த உயர்வு தனியார் பள்ளிகளில் மட்டுமே தென்பட்டது என்பது எண்ணைவிட முக்கியமான செய்தி. இரண்டே ஆண்டுகளில் பரம்பரை மாறிவிடாது; மாறியது கையிலிருந்த காசும் அதைச் செலவிடக் கிடைத்த இடங்களும்தான் என்று கொள்வதில் தவறில்லை. உலக அளவில் பார்த்தால், 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் பருமனானோரின் பங்கு 9.4 விழுக்காடாகி, எடை குறைந்தோரின் 9.2 விழுக்காட்டை முதன்முறையாகத் தாண்டிவிட்டதாக யுனிசெப் 2025 செப்டம்பரில் அறிவித்தது. ஊட்டக்குறைவை எதிர்த்தே பழகிய ஒரு நாட்டின் நலத்துறைகளுக்கு இது புதிய எதிரி.

இந்த எதிரியைச் சந்திக்க இந்தியாவில் முதன்முதலாக வரியைக் கையில் எடுத்த மாநிலம் கேரளம். அதை அறிவித்த சட்டப்பேரவை தம்பானூரிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத் தொலைவில்தான் இருக்கிறது. 2016 ஜூலை 8 அன்று நிதியமைச்சர் தாமஸ் ஐசக் தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டத்தில், பர்கர், பீட்சா, டாக்கோ, டோனட், சாண்ட்விச், பாஸ்தா போன்றவற்றைச் சமைத்து விற்கும் வணிகப்பெயர் பெற்ற உணவகங்களுக்கு 14.5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. நாளிதழ்கள் அதைக் கொழுப்பு வரி என்று அழைத்தன. டென்மார்க் 2011இல் நிறைகொழுப்பின் மீது இதுபோன்ற வரியை விதித்து, மக்கள் எல்லை தாண்டிப் போய்ப் பொருள் வாங்கத் தொடங்கியதும் வணிகர்களின் எதிர்ப்பு வலுத்ததும் சேர்ந்து, 2013 பிறந்ததும் கைவிட்டிருந்தது. கேரளத்தின் வரிக்கு அவ்வளவு சோதனை நேரவில்லை. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மாநிலத்தின் தனி வரிகளோடு அதுவும் கரைந்துபோனது. ஓராண்டுகூட முழுதாக நின்று பார்க்காத ஒரு வரி எத்தனை பிள்ளைகளின் எடையைக் குறைத்தது என்று கேட்பது நியாயமாகாது.

அந்த வரியின் உண்மையான குறை அதன் ஆயுளில் இல்லை, அதன் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருந்த பண்டங்கள் எல்லாம் வெளிநாட்டுப் பெயர் தாங்கியவை. விற்றவை எல்லாம் பெயர்ப்பலகைக்கு உரிமம் பெற்ற சங்கிலிக் கடைகள். தம்பானூரில் அந்த வரி வந்த நாளிலும் போன நாளிலும் கண்ணாடி அலமாரியில் ஒரு வடைகூட இடம் மாறியிருக்காது. பர்கரை மூடியிருப்பதும் மைதா ரொட்டிதான், பரோட்டாவாக விசிறப்படுவதும் மைதாதான் என்பதைக் குழந்தையின் உடல் பெயர் பார்த்துப் பிரிப்பதில்லை. சங்கிலிக் கடையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அரசியலுக்கு எளிது. சாயாக்கடையை அழைத்து உட்காரவைத்துப் பேசுவது கடினம். கேரளம் எளிதான வழியைத் தேர்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

வரி என்ற கருவி பண்டங்களை வேறுபடுத்தாமல் இல்லை. 2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில் நடந்த கூட்டமொன்றில், வெறும் பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 விழுக்காடு என்னும் முரணை ஓட்டல் உரிமையாளர் ஒருவர் ஒன்றிய நிதியமைச்சரிடம் எடுத்துச் சொன்னது தமிழ்நாடு முழுவதும் சிரிப்பாகவும் பிறகு சர்ச்சையாகவும் பரவியது. அத்தனை பேச்சிலும் கிரீம் தின்னும் குழந்தையின் இடுப்பளவு மட்டும் விவாதத்துக்கு வரவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தில் சர்க்கரை சேர்த்த காற்றடைத்த பானங்கள் 40 விழுக்காட்டிலேயே நிறுத்தப்பட, பிஸ்கட்டும் சாக்லேட்டும் 18இலிருந்து 5க்கு இறங்கின. தம்பானூர் பேக்கரி ஒன்றின் கல்லாவில், அந்தப் பானமும் சாக்லேட்டும் ஒரே குளிர்பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

வரியைவிடக் கடைக்காரருக்கு நெருக்கமாக வருவது இடம் சார்ந்த விதி. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2020இல் வெளியிட்டு 2021 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, நிறைகொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, உப்பு ஆகியவை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது. டிரான்ஸ் கொழுப்பு என்பது தாவர எண்ணெயை வனஸ்பதிபோல் இறுகவைக்கும்போது உருவாகும் தீய கொழுப்பு. 2022 தொடக்கம் முதல் இந்தியாவில் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது. தம்பானூரிலிருந்து மேம்பாலச் சந்திப்புக்கு நடந்தால் எஸ்.எம்.வி. அரசு மாதிரி மேல்நிலைப் பள்ளி வந்துவிடுகிறது. 50 மீட்டர் என்பது சராசரி நடையில் எழுபது தப்படி. பேருந்துக்காக அரை கிலோமீட்டர் நடக்கும் மாணவனுக்கு அது கணக்கிலேயே வராத தூரம். மேலும் கிராமத்துப் பள்ளியை மனத்தில் கொண்டால் பொருந்தும் இந்த வட்டம், நகரின் நடுவே, ஒரு கட்டடத்தில் ஒன்பது கடைகள் இருக்கும் தெருவில், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நாடா பிடித்து அளப்பதற்கு எந்த ஆய்வாளருக்கும் நேரம் இருக்கப்போவதில்லை.

விதி கடையைத் தொட்டு, கடையும் விதியைத் தொட்ட நிகழ்வு ஒன்று கேரளத்தில் உண்டு. அது பருமனைப் பற்றியது அன்று. ஷவர்மாவோடும் பொரித்த கோழியோடும் தரப்படும் மயோனைஸ், பச்சை முட்டையையும் எண்ணெயையும் அடித்துச் செய்யும் கூழ். சரியாக வைக்காவிட்டால் கிருமி பெருகி நஞ்சாகிவிடும். உணவு நஞ்சான நிகழ்வுகள் அடுத்தடுத்து நேர்ந்தபோது, 2023 ஜனவரியில் மாநில அரசு ஓட்டல், பேக்கரி உரிமையாளர்களின் சங்கங்களை அழைத்துப் பேசியது. பச்சை முட்டை மயோனைஸை விட்டுவிட்டுச் சைவ மயோனைஸுக்கு மாறுவதாகப் பேக்கரி உரிமையாளர் சங்கம் தானே அறிவித்தது. அரசின் தடையாணையும் வந்தது. பக்கத்து மாநிலமான தமிழ்நாடு அதே முடிவுக்கு 2025 ஏப்ரலில்தான் வந்தது. சில நாள்களில் ஒரு மாநிலத்தின் பேக்கரித் தொழில் தன் சமையல் முறையை மாற்றிக்கொள்ள முடிந்தது என்பது கவனத்துக்குரியது. மாற்றம் எளிதாயிருந்ததற்குக் காரணமும் மறைவானதன்று. நஞ்சான உணவு ஒரே இரவில் கடையின் பெயரைக் கெடுக்கும். பருமனாக்கும் உணவு பத்து ஆண்டு கழித்து எந்தக் கடையின் பெயரையும் சொல்லாமல் வேலையைக் காட்டும். வணிகரின் நலனும் குழந்தையின் நலனும் முதலாவதில் ஒரே தராசுத் தட்டில் இருந்தன, இரண்டாவதில் அப்படி இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பப் பிற நாடுகள் செய்து பார்த்தவற்றுள் இரண்டைச் சொல்லலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாமர்வில் என்னும் சிறுநகரில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் தொடங்கிய முயற்சி, பள்ளிச் சமையலையும் நடைபாதையையும் மாற்றியதோடு, சிறிய அளவிலான உணவு, காய்கனித் துணையுணவு, கொழுப்பு குறைந்த பால் ஆகியவற்றை வைத்திருக்கும் உணவகங்களுக்கு ஒப்புதல் முத்திரையும் கொடுத்தது. ஒரு பள்ளியாண்டின் முடிவில் அந்நகரத்துச் சிறுவர்களின் எடைப் போக்கு, ஒப்பிடப்பட்ட நகரங்களைவிடச் சற்றே குறைந்திருந்தது. உணவகப் பகுதி மட்டும் மேடும் பள்ளமுமாக நடந்தது: நேரமில்லை, ஆர்வமில்லை, இலாபம் குறையும் என்ற பதில்களே மிகுதி, முத்திரை பெற்றவர்களிலும் எல்லாரும் அதன் நிபந்தனைகளைத் தொடர்ந்து காக்கவில்லை. பிரான்சில் 2004இல் பத்து நகரங்களில் தொடங்கிய எபோட் இயக்கம், நகரத் தலைவரை முன்னிறுத்தி, பெருநிறுவனங்களின் பணத்தையும் பெற்றுக்கொண்டது. இனிப்பு விற்பவரிடமே காசு வாங்கி இனிப்பைக் குறைக்கச் சொல்வது எப்படி என்ற கேள்வி அன்று முதல் அதைத் துரத்துகிறது. சாயாக்கடைக்காரரையும் பன்னாட்டு நிறுவனத்தையும் வணிகர் என்ற ஒரே சொல்லால் அழைப்பதில் உள்ள அபாயம் இங்கேதான் இருக்கிறது. முன்னவர் தம் பண்டத்தைத் தின்னும் குழந்தையின் பெயரை அறிந்தவர், பின்னவர் அதன் வயதுப்பிரிவை மட்டும் அறிந்தவர்.

தம்பானூர் பேருந்து நிலையத்தின் பக்கத்தில், செங்கல் நிறத்தில் திருகுபோல எழும் வட்டக் கட்டடம் ஒன்று எந்தப் பயணியின் கண்ணுக்கும் தப்பாது. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் அது. தொழிலாளர்கள் தாமே உறுப்பினராகி நடத்தும் கூட்டுறவு நிறுவனம். உள்ளே படிகளோ தளங்களோ கிடையாது. மைய உருளையைச் சுற்றி ஏறிக்கொண்டே போகும் ஒரே சரிவுப் பாதையின் ஓரத்தில், சுவரோடு சேர்த்துக் கட்டிய மேசையும் இருக்கையும், சுவரில் காற்றும் வெளிச்சமும் வர விடப்பட்ட செங்கல் துளைகளும். விசிறித் தலைப்பாகை அணிந்த பரிமாறுநர்கள் நாள் முழுவதும் அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார்கள். குழந்தைகள் தட்டு வருவதற்குள் உச்சிவரை ஒருமுறை ஓடிப் பார்க்காமல் இருப்பதில்லை. ஆனால் இங்கே கவனிக்கத்தக்கது மசால் தோசை. கத்தியால் கீறினால் உள்ளேயிருந்து மஞ்சளுக்குப் பதில் கருஞ்சிவப்பு வழிகிறது, ஏனெனில் இந்த நிறுவனத்தின் கிழங்கு மசாலாவில் பீட்ரூட் உண்டு, கட்லெட்டிலும் அதுவே. யாரும் உடல்நலப் பிரசாரமாக அதை வைக்கவில்லை, பட்டியலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீட்டில் பீட்ரூட்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளும் பிள்ளை இங்கே வந்து விரலெல்லாம் சிவக்கத் தின்றுவிட்டுப் போகிறது. தோசை எண்ணெயில் குளித்தது என்பதையும் கட்லெட் பொரித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு கடையின் வழக்கம் ஒரு காய்கறியைத் தலைமுறைகளுக்குப் பழக்கிவிட முடியும் என்பதற்கு இது சான்று.

இன்னொரு சான்று மேசைமேல் கேளாமலே வந்து நிற்கும் தண்ணீர். கேரளத்து உணவகங்களில் சீரகமோ பதிமுகப் பட்டையோ போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர் காசில்லாமல் தரப்படுகிறது. பதிமுகம் இட்டது இளஞ்சிவப்பாக இருப்பதால் முதன்முறை வரும் பிற மாநிலத்தார் அதைச் சாயம் என்று எண்ணித் தயங்குவதுண்டு. சர்க்கரைப் பானத்துக்கு மாற்றாக உலகெங்கும் நிபுணர்கள் பரிந்துரைப்பது தண்ணீரைத்தான், அதைக் கேரளத்தின் கடைகள் தம் செலவில் ஏற்கனவே தந்துவருகின்றன. சாயாவில் சர்க்கரை வேண்டாதவர் ‘வித்தவுட்’ என்று ஒரே சொல் சொன்னால் போதும் என்ற ஏற்பாடும் அவ்வாறே கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே விளைந்தது. போஞ்சி எனப்படும் எலுமிச்சைச் சாற்றுக்கும் குலுக்கி சர்பத்துக்கும் அந்தச் சொல் இன்னும் நீளவில்லை என்பதே குறை. குழந்தைகள் குடிப்பது சாயாவைவிட இவற்றையே.

கடைக்காரருக்கு இழப்பு நேராத மாற்றமே நிலைக்கும் என்பதை அரசு தானே வாங்குபவராக இருக்கும் இடங்களில் தெளிவாகக் காணலாம். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ பெண்கள் இயக்கத்தின் சிறுதொழில் அலகுகள், கோதுமை, கடலை, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்ந்த அமிர்தம் ஊட்டச்சத்து மாவை அரைத்து, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக அங்கன்வாடிகளுக்குத் தருகின்றன. வாங்குபவர் உறுதியாக இருப்பதால் அலகுகள் நிலைக்கின்றன. 2025இல், உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று ஓர் அங்கன்வாடிச் சிறுவன் மழலையில் கேட்ட காணொளி பரவியதை அடுத்து, முட்டை பிரியாணி உள்ளிட்ட புதிய உணவுப் பட்டியலை மாநில அரசு வெளியிட்டது. அதில் சர்க்கரையையும் உப்பையும் குறைத்திருப்பதாகவும் அறிவித்தது. பிரியாணிதான் தலைப்புச் செய்தியானது, சர்க்கரைக் குறைப்பைப் பலர் கவனிக்கவேயில்லை. சுவையை முன்னே விட்டு நலத்தைப் பின்னே கூட்டிவரும் அந்த உத்தி வணிகர்களுக்கு நன்கு தெரிந்ததே.

ரயில் வழியில் கடந்துவந்த நெய்யாற்றின்கரை வட்டத்தில், 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைச் சேர்த்து நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு ஒன்று, அண்டை வீட்டாரையே வழிகாட்டிகளாக்கிப் பழக்கங்களை மாற்ற முயன்றது; 2018இல் வெளியான அதன் முடிவில் காய்கனி உண்பது போன்ற சில பழக்கங்கள் மேம்பட்டிருந்தாலும் நீரிழிவு உறுதியாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. அது வளர்ந்தவர்களைப் பற்றியது, அதன் மையம் வீடும் அயலும். வீட்டை விட்டு வெளியே வந்ததும் தொடங்குவது கடை. அங்கே நியாயம் வேறு. நறுக்கிய பழம் ஒரு மணி நேரத்தில் கறுத்துவிடும், நட்டம் கடைக்காரருக்கு. அதையே மாவில் முக்கிப் பொரித்தால் இரவு வரை விற்கலாம், கனிந்து குழைந்த பழமும் வீணாகாது. ரயில் நிலையத்துக் கடைகளில்கூட என்ன விற்பது என்பதை உத்தரவு மட்டும் தீர்மானித்துவிடாது: 2020 ஜனவரியில் ரயில்வே உணவுப் பட்டியலிலிருந்து புட்டு, ஆப்பம் முதலிய கேரளப் பண்டங்கள் விடுபட்டபோது எழுந்த எதிர்ப்பில் அவை திரும்பவும் சேர்க்கப்பட்டன.

புட்டு திரும்பியது நல்லதே, ஏனெனில் ஆவியில் வேகும் பண்டம் அது. அதோடு தரப்படும் ஏத்தன்பழமும் தோலோடு அந்த ஆவியிலேயே வேகவைத்தது, மாவும் எண்ணெயும் தொடாதது, பொரித்ததைப்போலவே இனிப்பது. ஆனால் தம்பானூர்ச் சாயாக்கடைகளில் அது காலை உணவு. ஒரே அடுப்பும் ஒரே ஆளும் உள்ள கடையில் பத்தரை மணிக்கெல்லாம் அடுப்பு வாணலிக்குக் கைமாறிவிடுகிறது. பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு வரும் நான்கு மணிக்கு எண்ணெய் முழுச் சூட்டில் இருக்கிறது. புட்டுக்குடம் கழுவப்பட்டு, பின்சுவர் ஓரத்துத் திண்ணையில் கவிழ்ந்து கிடக்கிறது.